முத்திரையைப் பார்

1982-ல் மணப்பாறைப் பக்கம் ஒரு சிறிய தபால் ஆபீஸில் கவுண்டர் கிளார்க்காக இருந்தேன். கடலை விவசாயி ஒருவர், பணம் கட்டினால்தான் கைக்கு வரும் வி.பி. பார்சல் ஒன்றை வாங்கினார். ஒன்பது கட்டங்களில் எண்களை நிரப்பி, எப்படிக் கூட்டினாலும் 15 வரவைத்தால் டிரான்சிஸ்டர் பாதி விலைக்கு என்று பத்திரிகையில் விளம்பரம். நிரப்பி அனுப்பியது அவருடைய மகன். என் கண்ணெதிரே சணலை அறுத்துப் பிரித்தார். வைக்கோல் சுற்றிய செங்கல்.

"சார், ஒங்க ஆபீஸ்ல எங்கயாச்சும் மாறிப்போச்சா?" என்று கேட்டார். எங்களை அவ்வளவு நம்பியிருந்தார். அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவே இல்லை. தபாலில் வரும் மோசடிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அன்றிலிருந்து படித்து வருகிறேன்.

கைதியாக இருந்து பிறகு பாரிஸ் துப்பறியும் போலீஸுக்கே தலைவரானவர் விடோக். 1828-ல் வெளிவரத் தொடங்கிய தன் நினைவுக் குறிப்புகளில் 'எருசலேம் கடிதங்கள்' பற்றி எழுதியிருக்கிறார். சிறைக்குள் இருந்தபடியே கைதிகள் வெளியூர்ப் பணக்காரர்களின் விலாசங்களைத் திரட்டி எழுதுவார்கள். 'நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன். புரட்சிக்குப் பயந்து ஓடும்போது தங்கமும் வைரமும் இருந்த பெட்டியை வழியில் போட்டுவிட்டோம். அதை எடுக்க வந்த இடத்தில் பிடிபட்டேன். கொஞ்சம் பணம் அனுப்பினால் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்கிறேன்' என்பது கதை. நூறு கடிதத்துக்கு இருபது பதில் வந்ததாம். பெட்டியே கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே கதை ஸ்பெயின் சிறையிலிருந்து எழுதுவதாகச் சொல்லி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. வேலைக்காரனுக்குப் பதில் பணக்காரக் கைதி, அவனுக்கு ஆதரவற்ற ஒரு மகள். 'ஸ்பானியக் கைதி' என்றே இதற்குப் பெயர். 1980-களில் எண்ணெய் விலை சரிந்து நைஜீரியாவின் பொருளாதாரம் நொடித்தபோது, அங்கிருந்து விமானத் தபாலிலும் பிறகு ஃபேக்ஸிலும் இதன் புது வடிவம் கிளம்பியது. நம்மூரில் ஏமாற்றுக்காரரை 420 என்பதுபோல, அந்நாட்டுச் சட்டப் பிரிவின் எண்ணான 419 அதற்குப் பெயரானது. மின்னஞ்சல் வந்ததும் தபால்தலைச் செலவும் மிச்சமாயிற்று.

ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்றும் படிக்காதவர் என்றும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1995-க்கும் 1998-க்கும் இடையே, நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநர் என்று நடித்தவனை நம்பி, கட்டப்படாத ஒரு விமான நிலையத்துக்காக 24 கோடி டாலருக்கு மேல் பறிகொடுத்தவர் பிரேசில் வங்கி ஒன்றின் உயர் அதிகாரி.

போன மாதம் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை தன் செல்போனை நீட்டினார். "அண்ணே, ரிசர்வ் வங்கியிலிருந்து மெயில் வந்திருக்கு. பரிசுப் பணத்தை விடுவிக்க 18,500 ரூபாய் கட்டணுமாம். யார்கிட்டேயும் சொல்லக் கூடாதாம்." ரிசர்வ் வங்கி தனி மனிதர்களுக்குச் சேமிப்புக் கணக்கு வைப்பதில்லை, பரிசு விழுந்ததென்று பணம் கேட்டுக் கடிதமும் அனுப்புவதில்லை. அந்த வங்கியே பலமுறை எச்சரித்திருக்கிறது.

வேலையில் சேர்ந்த புதிதில் என் போஸ்ட் மாஸ்டர் சொன்னார்: "அனுப்புநர் விலாசத்தை யாரும் எழுதலாம்பா, முத்திரையைப் பாரு." மின்னஞ்சலிலும் மேலே தெரியும் பெயர் யாரும் எழுதக்கூடியதுதான். அந்தப் பெயரைத் தொட்டு முழு முகவரியையும் விரித்தோம். வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இலவச மின்னஞ்சல் கணக்கு வந்து நின்றது. எல்லா நேரமும் இப்படி வெளிப்படையாகத் தெரியாது, முகவரியையும் போலியாகப் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அதில் இருக்கும் எண்ணுக்கும் பேசாதீர்கள். பாஸ்புக்கில் அச்சிட்ட எண்ணை அழைத்துக் கேளுங்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்ற வரியைப் பார்த்தால் முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு ஒரு நாளைக்கூடக் கடத்தாதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள்.