கையால் அச்சிட்ட ஒரு கலை வரலாறு

ஆனந்த குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலைப் பிற்காலப் பதிப்பொன்றிலேயே நான் முதலில் வாசித்தேன். கட்டுரையொன்றுக்கு வேண்டிய பக்கங்களைக் குறித்துக்கொண்டு மூடிவிட்டேன். பல ஆண்டுகளின் பின்னர், 1908ஆம் ஆண்டின் முதற்பதிப்பை நூலகமொன்றில் காணும் வாய்ப்புக் கிட்டியது.

கையில் ஏந்தி வாசிக்கக்கூடிய நூலன்று அது. மேசையில் கிடத்தியே புரட்டவேண்டும். தாளைத் தடவினால் எழுத்துப் பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஒப்செற் அச்சின் வழவழப்புக்குப் பழகிப்போன எனக்கு இது புதிய அனுபவம். முகப்புப் பக்கத்தின் நீண்ட தலைப்போ கைவினைஞரின் சமூக நிலையையும் ஆராயப்போவதாக அறிவிக்கிறது.

சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்தர், 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர். கல்லைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர் அங்கே அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டார். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் ஆதரிப்பாரற்றுப்போன கலைஞர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களைப் பற்றிய நூலை நீராவி அச்சகமொன்றிடம் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் புரோட் கம்டன் கிராமத்தில், வில்லியம் மொரிஸ் 1896இல் சோசரின் படைப்புகளை வெளியிடப் பயன்படுத்திய அதே கை அச்சுப்பொறியில், தமது மேற்பார்வையிலேயே அச்சிடுவித்தார். 1907 செப்டெம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசெம்பரில் முடிந்தது. பிரதிகள் 425 மாத்திரமே.

நூல் சொல்வதை அதன் தாளும் மையும் முதலிலேயே சொல்லிவிடுகின்றன. மறுபதிப்பில் எனக்குத் தப்பிப்போனது இதுதான். ஆயினும், படங்களிற் பல அவரது மனைவி எதெல் எடுத்த புகைப்படங்கள். கமெராவும் இயந்திரந்தானே! அதை அவர் விலக்கவில்லை. விலக்கியிருந்தால் நமக்கே நட்டம்.

மனதை உறுத்துவது வேறொன்று. 425 பிரதிகள் யாருடைய கைக்குப் போயிருக்கும்? கண்டிப் பகுதியின் கொல்லரோ குயவரோ அதைத் தொட்டிருப்பாரென்று நம்புவதற்கில்லை. 1956இல் நியூயோர்க்கில் மறுபதிப்பு வந்த பின்னரே நூல் பரவலாகக் கிட்டியது. அவர் ஐயுற்ற இயந்திரமே அவரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

பத்திரிகைப் பக்கத்தை ஓரிரவில் முடித்து அனுப்பிப் பழகியவன் நான். ஒரு நூலுக்குப் பதினைந்து மாதங்கள்! நூலகம் மூடும் நேரமாகிவிட்டதென ஊழியர் வந்து சொல்லும்வரை, படிக்காமல் வெறுமனே பக்கங்களைத் தடவிக்கொண்டிருந்தேன்.