எண்ணத்தின் எடை

கடினமான கணக்கைப் போடும்போது மூளை மிகுதியாகச் செலவிடும். சும்மா இருக்கும்போது அதற்குச் செலவே இல்லை என்று பல்லாண்டுகள் வகுப்பறையில் கூறிவந்தவன் நான். அக்கருத்து பிழைபட்ட கதையை இன்று சொல்லப் போகிறேன்.

இத்தாலி நாட்டு டூரின் நகரில் ஏஞ்சலோ மோசோ என்னும் உடலியல் அறிஞர் இருந்தார். 1880-களில் அவர் மனிதரையே நிறுக்கும் மரத்தராசு ஒன்று அமைத்தார். நம் வீட்டு ஊஞ்சற் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சங்கிலி இல்லை, நடுவில் ஒரு தாங்கி. ஒருவரை அதன்மேல் படுக்கவைத்துத் தலைப்பக்கமும் காற்பக்கமும் சமனாகும்படி செய்வார். மூச்சு விட்டாலே ஆடும் பலகை அது! பின்னர் அவரைச் சிந்திக்கத் தூண்டுவார். தலைப்பக்கம் மெல்லத் தாழும். எண்ணும் மூளைக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது என்று மோசோ முடிவு கட்டினார்.

1930-இல் பாஸ்டன் நகரில் பெனடிக்ட் தம்பதியர், மனக்கணக்கில் ஆழ்ந்தோர் உட்கொண்ட பிராணவாயுவை அளந்தனர். உடலின் மொத்தச் செலவு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே கூடிற்று. ஒரு மணி நேரக் கடுஞ்சிந்தனைக்கு அரை நிலக்கடலை போதுமாம்! கணக்காசிரியனுக்கு இது சற்று வருத்தமான செய்திதான்.

மூளையின் செலவைத் தனியே அளக்க வழி கண்டவர்கள் பிலடெல்பியாவைச் சேர்ந்த கெட்டியும் ஷ்மிட்டும். 1940-களில் அவர்கள், மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும் அங்கிருந்து கழுத்து நாளத்தில் இறங்கும் இரத்தத்தையும் ஒப்பிட்டனர். உடலெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, ஓய்ந்திருக்கும் உடலின் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைக் கொள்வது தெரிந்தது. 1955-இல் சோக்கலாஃப், கெட்டி முதலியோர் மனக்கணக்கின்போதும் அளந்து பார்த்தனர். மூளையின் மொத்தச் செலவு மாறவே இல்லை.

காரணம் என்ன? நரம்பணுக்கள் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுத்தபடியே இருக்கவேண்டும். நாம் உறங்கினாலும் அவ்வேலை நிற்பதில்லை. சிந்திக்கும்போது ஒரு பகுதிக்கு மட்டும் இரத்தம் கூடுகிறது. அவ்வளவில் மோசோவும் பிழைபட்டவர் அல்லர்.

கடைசிப் பலகையில் தூங்கி வழிந்த மாணவன் ஒருவனை, 'உன் மூளைக்கு வேலையே இல்லையா?' என்று கடிந்து நிற்கவைத்தேன். காலையில் அவன் உண்ணாமல் வந்தவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்நேரமும் அவன் மூளை, என் மூளையைப் போலவே, குளுக்கோஸைச் செலவிட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் இட்டலி உண்டு வந்திருந்தேன்.