உருகிச்சா, உருகலையா?

இன்னிக்கு ஒரு சண்டையோட வரலாறு. லேசர் பட்ட சிலிக்கான் மேற்பரப்பு உருகிச்சா இல்லையான்னு விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் மோதிக்கிட்ட கதை.

சிலிக்கான்ல வேண்டிய அணுக்களைப் புகுத்த, அயனிகளை வேகமாச் சுடுவாங்க. சுட்ட இடத்தில் படிக அடுக்கு குலைஞ்சிடும், அடுக்கி வெச்ச செங்கல் மேல கல்லெறிஞ்ச மாதிரி. அதைச் சரிசெய்ய மொத்தத் தகட்டையும் உலையில் சூடாக்கணும். 1970களின் நடுவில், சோவியத் ஒன்றியத்தின் கசான் நகரில் கைபுல்லின், ஷ்டிர்கோவ் குழுவினர் உலைக்குப் பதிலா லேசர் துடிப்பைப் பாய்ச்சினாங்க. குலைந்த மேற்பரப்பு மறுபடி படிகமாச்சு. அடியில் இருந்த சிலிக்கானுக்குச் சூடே தெரியல.

சில வருடங்களில் மேற்கு நாடுகளும் இதில் இறங்கின. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆஸ்டன் குழு, மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புதுன்னு அளந்தது. உருகிய சிலிக்கான் உலோகம் மாதிரி பளபளக்கும். லேசர் பட்டதும் அந்தப் பளபளப்பு வந்துச்சு. அப்போ உருகியிருக்கு, சரிதானே?

இல்லைன்னாங்க வான் வெக்டனும் கூட்டாளிகளும். லேசர் எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிட்டதால் பிணைப்புகள் தளர்ந்திருக்கு, அவ்வளவுதான்னு 1979ல் எழுதினாங்க. 1980ல் லோ, காம்பான் இருவரும் நம்ம சி.வி.ராமன் பெயர் கொண்ட ராமன் சிதறல் முறையில் வெப்பநிலையை அளந்தாங்க. வந்த விடை சுமார் 300 டிகிரி. சிலிக்கான் உருக 1414 டிகிரி செல்சியஸ் வேணும்!

ரெண்டு பக்கமும் அளவீடு இருக்கு. யாரை நம்புறது?

1982ல் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் லார்சன் குழு, கார்னெல் பல்கலைக்கழக சின்க்ரோட்ரானில் நானோநொடி எக்ஸ்ரே துடிப்புகளைப் பயன்படுத்தியது. சூடானா படிகம் விரியும். அந்த விரிவை வெச்சு வெப்பநிலையைக் கணக்கிட்டாங்க. அது உருகுநிலை வரைக்கும் போயிருந்தது. உருகித்தான் உறைஞ்சிருக்கு.

"ஓடுதில்ல, அப்புறமென்ன?"ன்னு எங்க மென்பொருள் வேலையில் அடிக்கடி கேட்பாங்க. லேசர் வித்தை கசான்லயே ஓடிடுச்சு. ஆனா உருகுதுன்னு உறுதியான பிறகுதான் எவ்வளவு ஆழம் உருகும், எவ்வளவு வேகமா உறையும்னு நம்பிக் கணக்குப் போட முடியும். பல போன் திரைகளில் கண்ணாடி மேல இருக்கிற மெல்லிய சிலிக்கானை இன்னிக்கு எக்சைமர் லேசரால் இப்படித்தான் உருக்கி உறைய வைக்கிறாங்க. உலைச் சூட்டைத் தாங்காத அந்தக் கண்ணாடிக்குச் சூடு போய்ச் சேருறதுக்குள்ள மேலே வேலை முடிஞ்சிடும்.