வரவு செலவுத் திட்டம் போட்ட பூட்டு

பள்ளிக்கூடத்தை மூடப் படை வேண்டுமா? பீரங்கி வேண்டுமா? வேண்டியதில்லை. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியை எழுதாமல் விட்டாலே போதும் என்று காட்டினர், அமெரிக்க நாட்டின் வர்ஜினியா மாநிலத்துக் கனவான்கள் சிலர். ஆண்டு 1959. இடம், பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி. நம் வட்டம் போன்றதோர் ஆட்சிப் பகுதி.

அங்கே பார்ம்வில் என்றொரு சிற்றூர். கறுப்பின மாணவர்களுக்கென அங்கிருந்தது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்காக எழுப்பப்பட்ட கட்டடத்தில் 1951-இல் 450 பேருக்கு மேல் அடைந்து கிடந்தனர். இடம் போதாமைக்கு மருந்தாக ஆட்சியாளர் அளித்தவை, தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள்! 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி தோழர் தோழியரைத் திரட்டி வகுப்பை விட்டு வெளியேறினாள். அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். வழக்கறிஞர்களோ, பிரித்து வைக்கும் முறையையே எதிர்த்தால்தான் வாதாடுவோம் என்றனர். இசைந்தனர் இளைஞர். அந்த வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு இணைந்தது. பிரித்து வைப்பது அரசியல் சட்டத்திற்கு முரண் என்று 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தது, திருந்தியதா சட்டமன்றம்? செனட்டர் ஹாரி பேர்டு 1956-இல் ‘மாபெரும் எதிர்ப்பு’ என்று முழங்கினார். அவ்வாண்டே சிறப்புக் கூட்டம் கூட்டிச் சட்டங்களை அடுக்கினர் மாநில சட்டமன்றத்தார். இரு நிறப் பிள்ளைகளும் ஒன்றாய் அமரும் பள்ளி மூடப்படும். அரசுப் பணம் நிறுத்தப்படும். தனியார் பள்ளியை நாடும் பெற்றோர்க்கு உதவித்தொகை வழங்கப்படும். பெற்றோர் கையில் பணத்தைத் தந்து பள்ளியைத் தேர்ந்தெடுக்க விடலாம் என்று 1955-இல் பொருளியலார் மில்டன் பிரீட்மன் எழுதியதுண்டு. அவர் சொன்ன காரணங்கள் வேறு. வர்ஜினியாவுக்கு வேண்டியிருந்தது வெள்ளைப் பிள்ளைக்குத் தனிப் பள்ளி.

1958 செப்டம்பரில் ஆளுநர் ஆல்மண்டு நார்போக், சார்லட்ஸ்வில், வாரன் கவுண்டி ஆகிய இடங்களில் பள்ளிகளை மூடினார். ஏறத்தாழ 13,000 மாணவர் தெருவில் நின்றனர். 1959 ஜனவரி 19 அன்று மாநில உயர் மன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அச்சட்டங்களைச் செல்லாதவை ஆக்கின. பின் என்ன செய்தனர்? முன்வாயிலை அடைத்தால் கொல்லைப்புறம் இல்லையா! கட்டாய வருகைச் சட்டத்தையே நீக்கினர். பிள்ளைகள் பள்ளிக்கு வருவதா வேண்டாமா என்பதை ஊராட்சிகளின் விருப்பத்திற்கு விட்டனர். புதிய உதவித்தொகைச் சட்டமும் பிறந்தது. இத்தனைக்கும் சூட்டிய பெயர், ‘தேர்வுச் சுதந்திரம்’!

அந்தச் சுதந்திரத்தை முழுமையாய் நுகர்ந்தது பிரின்ஸ் எட்வர்டு. 1959 ஜூனில் அதன் ஆட்சிக் குழுவினர் பொதுப் பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்க மறுத்தனர். சட்டமுறைப்படி எல்லாம் நடந்தது. பள்ளிகள் திறக்கப்படவில்லை, அவ்வளவே. வெள்ளையர் பிள்ளைகளுக்கோ தனியார் கழகம் ஆயத்தமாய் இருந்தது. முதலாண்டு நன்கொடையில் நடந்தது. மறு ஆண்டு முதல் அரசே தோள் கொடுத்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மாநிலம் 125 டாலர், உயர்நிலைக்கு 150. கவுண்டி தன் பங்குக்கு 100. கழகத்துக்கு நன்கொடை தந்தவர்க்குச் சொத்து வரியில் நாலில் ஒரு பங்கு வரை தள்ளுபடி. வழக்கில் வெளியான கணக்கின்படி, அங்குப் பயின்ற 1,376 வெள்ளைப் பிள்ளைகளுள் 1,327 பேர் உதவித்தொகை பெற்றனர். பொதுப் பள்ளிக்குப் பணமில்லை என்ற கருவூலத்தில் இதற்கு மட்டும் ஊற்றுச் சுரந்தது எப்படி?

கறுப்பினப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,700 பேர். சிலர் உறவினரை நாடி வெளியூர் சென்றனர். சிலரைக் குவேக்கர் சங்கத்தார் வேறு மாநிலக் குடும்பங்களில் சேர்த்துப் படிக்க வைத்தனர். பலர் வயலுக்குச் சென்றனர். கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளை வாய்ப்பாட்டை மறந்து நிற்பதை என் போன்ற ஆசிரியர் ஆண்டுதோறும் காண்கிறோம். இங்கோ ஐந்து ஆண்டுகள்! கழகத்தை எட்ட இயலாத ஏழை வெள்ளைப் பிள்ளைகள் சிலரும் படிப்பை இழந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உங்களுக்கும் தனிப் பள்ளி வைத்துத் தருகிறோம் என்று கறுப்பின மக்களிடம் கூறப்பட்டது. மறுத்தனர் அவர்கள். பிள்ளைகளின் ஆண்டுகள் கரைகையில் மறுப்பது எளிதா? ஆயினும், ஏற்றிருந்தால் கொட்டகைக்குத் திரும்புவதாகவே அது முடிந்திருக்கும். பாதிரியார் பிரான்சிஸ் கிரிபின் முன்னின்று வழக்கை நடத்தினார். 1963 செப்டம்பரில்தான் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் சில திறந்தன.

1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தேவையானால் வரி விதித்துப் பள்ளியைத் திறக்குமாறு ஆட்சிக் குழுவுக்கு ஆணையிடலாம் என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். அப்போதும் அடங்கவில்லை கனவான்கள். ஆகஸ்டில் ஓர் இரவு, தடையாணை வருமுன், சுமார் 180,000 டாலரை வெள்ளைப் பெற்றோர்க்கு வாரி வழங்கினர்! 1966-இல் அது நீதிமன்ற அவமதிப்பு எனத் தீர்ப்பாயிற்று. மாநில உதவித்தொகைச் சட்டமே 1969-இல் வீழ்ந்தது. 1971-இல் நடைமுறைக்கு வந்த வர்ஜினியாவின் புதிய அரசியல் சட்டம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுப் பள்ளி அமைப்பதைச் சட்டமன்றத்தின் கடமையாக்கியது.

அதே சட்டமன்றம் 2003-இல் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2004-இல், பள்ளி மூடலால் படிப்பை இழந்தவர்க்கென உதவி நிதியொன்றை நிறுவியது. 1959-இல் ஆறு வயதாயிருந்த பிள்ளைக்கு அப்போது வயது 51. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கான படிப்பும் அந்த உதவியில் அடங்கும்.