காவல் மென்பொருளும் அதன் இற்றைப்படுத்தலும் – ஒரு வரலாற்றுப் பார்வை



பள்ளிக் கணினிக்கூடத்தின் மூலையில் சிறு விளக்குகள் இடைவிடாது கண்சிமிட்டும் பெட்டிகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது சுவிட்ச். அவற்றை வெளியுலகத்தோடு இணைத்து, தகவலுக்கு வழிகாட்டி அனுப்புவது ரூட்டர். பள்ளியில் இவை ஒன்றிரண்டுதான். அரசுத் துறைகளிலும் வங்கிகளிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். இவற்றுள் எது இயங்குகிறது, எது நின்றுவிட்டது, எங்கே நெரிசல் என்பதை ஓரிடத்திலிருந்தே பார்த்துச் சொல்லத் தனி மென்பொருள்கள் உண்டு. இக்கட்டுரையில் அவற்றைக் காவல் மென்பொருள் என்றே குறிப்பிடுகிறேன். அதனை இற்றைப்படுத்துவது, அதாவது வழக்கில் நாம் 'அப்டேட்' செய்வது என்று சொல்வது, யார் கண்ணிலும் படாத பணி. அந்தப் பணிதான் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் உலகத் தலைப்புச் செய்தியாயிற்று. அதன் வேரை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1983 டிசம்பரில், அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் முறையிலிருந்து வந்த பெயர் அது. நாம் காலையில் வருகைப் பதிவு எடுப்பது போன்றதே இந்நிரலின் வேலை. பெயர் சொல்லி அழைக்கும்; மறுமுனைக் கணினி 'உள்ளேன்' என்று விடை தரும். ஆனால், வந்திருக்கும் மாணவன் நலமாக இருக்கிறானா, காய்ச்சலோடு அமர்ந்திருக்கிறானா என்பதை வருகைப் பதிவு சொல்லாது.

அந்தக் குறையைத் தீர்க்க 1988 ஆகத்து மாதம் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை வெளியிடப்பட்டது. எந்த நிறுவனம் செய்த பெட்டியாயினும், ஒரே மொழியில் கேள்வி கேட்டு விடை பெற இது வழிசெய்தது. எத்தனை பைட்டுத் தகவல் கடந்து சென்றது, எத்தனை பிழைகள் நேர்ந்தன என்றெல்லாம் கேட்கலாம். இதைவிட விரிவான வேறொரு நெறிமுறை வரும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடு என்றே இதனைக் கருதினர். எதிர்பார்த்தது பரவவில்லை, தற்காலிகமாக வந்தது நிலைத்துவிட்டது. நம் பள்ளிகளிலும் 'தற்காலிக'க் கொட்டகைகள் சில அப்படித்தானே!

அவசர ஏற்பாட்டின் குறையும் உடன் நிலைத்தது. கேள்வி கேட்பவர் யார் என்று அறிய அந்நெறிமுறையின் முதற்பதிப்பில் இருந்தது ஒரே ஒரு சொல். அதுவும் மறைக்கப்படாமல் கம்பியில் வெளிப்படையாகவே சென்றது. பல பெட்டிகளில் அச்சொல் 'பப்ளிக்' என்றே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர்களில் பலர் அதனை மாற்றவில்லை. தக்க பாதுகாப்போடு கூடிய மூன்றாம் பதிப்பு முழுத்தர நிலையை எட்டியது 2002 டிசம்பரில்தான்.

இடையில் இனிய கதை ஒன்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர், அங்கிருந்த ஒரே ஒரு 64 கிலோபிட் இணைய இணைப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்ததால், அதனை வரைபடமாகக் காட்டும் நிரல் ஒன்றை எழுதினார். 1995-இல் வெளியான அந்த எம்.ஆர்.டி.ஜி., ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரூட்டரைக் கேட்டு, பச்சையும் நீலமுமாகப் படம் வரையும். இலவசமாகவே தந்தார். டேவ் ராண்ட் என்பவர் முன்வந்து அதன் வேகத்தைப் பெருக்க உதவினார். இன்றைய காவல் மென்பொருள்களின் வரைபடங்களிலும் அதன் சாயலைக் காணலாம்.

2002 பிப்ரவரியில் முதல் பேரதிர்ச்சி வந்தது. பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே பிழையாக அமைத்த கேள்விகளை எஸ்.என்.எம்.பி. வழி அனுப்பிப் பார்த்தனர். பற்பல நிறுவனங்களின் கருவிகள் அக்கேள்விகளைத் தாங்காமல் செயலிழந்தன. சிலவற்றில் அயலார் உள்ளே நுழையவும் இடமிருந்தது. காவலுக்கென வைத்த சாளரமே திருடனுக்கு வழியாகும் நிலை. தீர்வு ஒன்றுதான்: உடனே இற்றைப்படுத்துங்கள். தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு அன்று தொட்டு ஓதப்பட்ட பாடமும் அதுவே. தவறான பாடமன்று. ஆனால், அதனைச் சரியாகப் படித்தவர்களுக்கே பதினெட்டு ஆண்டுகள் கழித்து அடி விழுந்தது என்பதுதான் இக்கதையின் கசப்பு.

1999-இல் அமெரிக்காவின் துல்சா நகரில் தொடங்கப்பட்டது சோலார்விண்ட்ஸ் என்னும் நிறுவனம். அதன் 'ஓரியன்' மென்பொருளை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பயன்படுத்தினர். அமெரிக்க அரசின் பல துறைகளும் அவற்றுள் அடக்கம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளையும் பார்க்க வேண்டிய மென்பொருளுக்கு எல்லாப் பெட்டிகளின் கடவுச்சொற்களும் தேவை. பள்ளியில் எல்லாச் சாவிகளும் ஒரே வளையத்தில் யாரிடம் இருக்கும்? காவலரிடம்தானே! ஓரியனும் அப்படிப்பட்ட ஒரு சாவிக்கொத்து.

2019 செப்டம்பரில் ஊடுருவிகள் அந்நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள் புகுந்திருந்தனர். அவர்கள் கையாண்ட முறையைத் தேர்வுத் தாள் கொண்டு விளக்கலாம். தாள் அச்சாகி, உறையிலிட்டு, முத்திரை வைக்கப்பட்டு வருகிறது. முத்திரை உடையாதிருந்தால் நாம் ஐயுறுவதில்லை. ஆனால், அச்சகத்திலேயே ஒரு கேள்வி மாற்றப்பட்டிருந்தால்? முத்திரை உண்மையானது, உள்ளே இருப்பது வேறு. ஓரியனில் நடந்தது இதுவே. மூல நிரல் இயங்கும் மென்பொருளாகத் தொகுக்கப்படும் அந்தச் சிறு பொழுதில் ஒரு கோப்பு மட்டும் மாற்றப்பட்டது. தொகுப்பு முடிந்ததும் பழைய கோப்பு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. மூல நிரலைத் திறந்து பார்த்தவர்களுக்கு மாற்றமே தெரியாது. அதன் பிறகே நிறுவனத்தின் மின்முத்திரை பதிந்தது.

2020 மார்ச்சு முதல் அந்த நச்சு, இற்றைப்படுத்தல் என்னும் பெயரில் வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. ஏறத்தாழ 18,000 பேர் அதனைப் பெற்றிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. உள்ளே சென்றதும் அது எதுவும் செய்யவில்லை. இரண்டு கிழமை வரை உறங்கியது. விழித்தபின், தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பாதுகாப்பு மென்பொருள்கள் அருகில் உள்ளனவா என்று பார்த்தது. தன் தலைவர்களோடு பேசும்போதும் ஓரியனின் வழக்கமான பேச்சைப் போலவே பேசியது. அவர்களும் எல்லாரையும் தாக்கவில்லை. வேண்டியவர்களைப் பொறுக்கி எடுத்தனர். அமெரிக்க அரசு 2021 பிப்ரவரியில் தந்த கணக்குப்படி, ஒன்பது கூட்டரசுத் துறைகளும் சுமார் நூறு தனியார் நிறுவனங்களும் ஊடுருவப்பட்டன.

பல மாதங்கள் யாரும் அறியவில்லை. கண்டுபிடித்தது ஃபயர்ஐ என்னும் பாதுகாப்பு நிறுவனம். அதுவும் தானே பறிகொடுத்த பின்னர். அதன் பணியாளர் ஒருவர் பெயரில் இரண்டாவதாக ஒரு கைப்பேசி பதிவாகியிருந்தது. 'இது உங்களுடையதா?' என்று கேட்டபோது அவர் இல்லை என்றார். அந்த ஒரு கேள்வியிலிருந்து நூல்பிடித்துச் சென்றவர்கள் ஓரியனில் வந்து நின்றனர். தாம் களவு போனதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! 2020 டிசம்பர் 8-ஆம் நாள் ஒப்புக்கொண்டது. 13-ஆம் நாள் ஓரியனைப் பற்றிய உண்மையையும் வெளியிட்டது. அன்றிரவே அமெரிக்கக் கூட்டரசுத் துறைகளுக்கு ஆணை பிறந்தது: ஓரியனைத் துண்டியுங்கள், அல்லது மின்னை நிறுத்துங்கள். ஊடுருவல் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நாளில், பார்க்கும் கண்ணையே மூடவேண்டியதாயிற்று.

இற்றைப்படுத்தாமல் சோம்பியிருந்தவர்கள் அன்று தப்பினர் என்பது உண்மை. அதனை அறிவுடைமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2002-இல் வெளிப்பட்டது போன்ற ஓட்டைகள் அவர்களிடம் திறந்தே கிடந்தன. அந்த ஆண்டில் தாக்கியவர் வேறு வழியில் வந்தார், அவ்வளவே. உண்மையில் பிழை வாடிக்கையாளர்களின் பொத்தானில் இல்லை, அச்சகத்தில் இருந்தது. அதனால்தான் 2021 மே மாதம் வெளிவந்த அமெரிக்க அதிபரின் ஆணை, மென்பொருள் தொகுக்கப்படும் இடத்தையே குறிவைத்தது. டின்னில் அடைத்த உணவின் மேல் உட்பொருள்கள் அச்சிடப்படுவது போல, மென்பொருளுக்கும் உட்பொருள் பட்டியல் தேவை என்றது. அதற்கு முந்தைய மாதம், இத்தாக்குதலை நடத்தியது உருசியாவின் வெளிநாட்டு உளவுத்துறை என்று அமெரிக்கா அறிவித்திருந்தது, உருசியா மறுத்தது.

ஓரியனின் வாடிக்கையாளர்களுக்கோ வேலை அதோடு முடியவில்லை. ஓரியன் அறிந்திருந்த கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. நச்சை நீக்கும் திருத்தம் 2020 டிசம்பர் நடுவில் வந்தது. அதுவும் அதே நிறுவனத்திலிருந்து வந்த இற்றைப்படுத்தல்தான். 2021 மார்ச்சில் பழைய மின்முத்திரை செல்லாததாக்கப்பட்டது. ஆகவே புதிய முத்திரையிட்ட பதிப்பை இறக்கி, அதே பொத்தானை அவர்கள் மீண்டும் ஒருமுறை அழுத்தினார்கள்.