மடங்கிய விரல்கள் நிமிர்ந்த கதை

கால் முறிந்த ஒருவன் மருத்துவரிடம் செல்கிறான். அவர் எலும்பைப் பொருத்திக் கட்டுப் போடுகிறார். கட்டை அவிழ்த்ததும் அவன் குணமடைந்துவிட்டான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் சிகிச்சை முடிவது வேறு, குணமடைவது வேறு. இந்த உண்மையை விளக்கும் வரலாறு ஒன்று நம் வேலூரில் நிகழ்ந்தது.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்டு என்னும் ஆங்கிலேயர். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஒருமுறை செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரின் கையைப் பற்றினார். முடமென்று உலகம் ஒதுக்கிய அந்தக் கை, அவருக்கு வலியெடுக்கும்படி இறுக்கிப் பிடித்தது! இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது என்று அவர் ஆராயலானார். தொழுநோய் சில நரம்புகளைத் தாக்குவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. முன்கையின் பெருந்தசைகளோ நலமாகவே இருக்கின்றன. நலமான தசையின் நாணை, நலிந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தினால் விரல் நிமிரும் அல்லவா? 1948 முதல் இம்முறையில் அறுவைச் சிகிச்சைகள் நடைபெறலாயின.

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் கை மாக்கட்டில் இருக்கும். கட்டை நீக்கியவுடனே விரல்கள் இயங்கிவிடுவதில்லை. ஒரு வேலைக்குப் பழகிய தசைக்கு வேறொரு வேலையைக் கற்பிக்க வேண்டும். நோயாளி நாள்தோறும் பொறுமையுடன் பயிற்சி செய்தாலன்றிச் சிகிச்சையின் பயன் கிட்டுவதில்லை.

அடுத்து ஓர் ஐயம் எழுந்தது. நிமிர்ந்த விரல்களில் ஓயாமல் புண்கள் ஏற்பட்டது ஏன்? துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டினால் திறக்க முடியவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால், சாவி எலும்பு தெரியுமளவு கிழித்திருந்தது. அவனோ அதை உணரவில்லை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி என்னும் காவலன் இல்லாமையால்தான் அழிகின்றன என்பது இவ்வாறு தெளிவாயிற்று. உணர்விழந்த கைகளைக் காக்கத் தடித்த மரப்பிடியிட்ட கருவிகளும், பாதங்களைக் காக்க மெத்தென்ற ரப்பர் செருப்புகளும் செய்து தரப்பட்டன. நோயாளிகள் ஒவ்வொரு நாளும் தம் கைகால்களைத் தாமே பார்த்துக்கொள்ளவும் கற்பிக்கப்பட்டனர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை எஞ்சியது. கை திருந்திய ஒருவர் திரும்பி வந்து, தம் கை இப்போது பிச்சையெடுக்கவும் உதவவில்லை என்று முறையிட்டார். கோணிய கையைக் கண்டு காசு போட்டவர்கள், நேரான கைக்குப் போடவில்லை. நோயின் தழும்பைக் கண்டவர்களோ வேலை தரவில்லை. கை குணமாயிற்று, மனிதருக்கு வாழ்வு கிடைக்கவில்லை! ஆகவே வேலூரில் நவஜீவ நிலையம் தோன்றியது. அங்கே தச்சு வேலை முதலிய தொழில்கள் கற்றுத் தரப்பட்டன.

இப்பணியில் உடனுழைத்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு அவர் கால்கள் இரண்டும் செயலிழந்தன. எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் பிறர் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்றும் எழுந்தது.

இன்று தொழுநோயைக் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணப்படுத்தலாம். ஆயினும் வேலூர் கற்பித்த பாடம் எல்லா முடநீக்கு மருத்துவத்துக்கும் பொருந்தும். மருத்துவரின் திறமை ஒரு பங்கு. நோயாளியின் விடாமுயற்சி ஒரு பங்கு. மூன்றாவது பங்கு நம்முடையது. நாளை உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் ஊன்றுகோலுடன் பள்ளிக்குத் திரும்பி வரக்கூடும். அவனைப் பரிதாபத்தோடு பார்த்து ஒதுக்காமல், பெஞ்சியில் அவனுக்குரிய இடத்தை அவனுக்கே வைத்திருங்கள். அவன் சிகிச்சையில் எஞ்சிய பகுதி உங்கள் கையில்தான் இருக்கிறது.