மீட்சிக் கணக்கில் வராத தாய்



1928 ஜூலை 28 அன்று பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வெளியே பஞ்சாலைகள் மூடிக் கிடந்தன. ஏப்ரலில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீண்டது. முதல் உலகப்போர்க் கால லாபம் வற்றிப்போய், சரிவிலிருந்து மீளப் பார்த்த முதலாளிகள் கண்ட வழி, ஆளைக் குறைத்து மிஞ்சியவர் தலையில் கூடுதல் தறிகளை ஏற்றுவது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சீரமைப்பு. அந்தச் சொல் இன்றும் சாகவில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பணத்தோடு ஓய்வு கொடுத்தால் தொழிலுக்குப் பாரம் என்றது எதிர்த்தரப்பு. நியமன உறுப்பினராக அவையில் இருந்த அண்ணல் அம்பேத்கர் மசோதாவை ஆதரித்தார். பேறுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வெடுப்பது நாட்டின் நலன். அவள் உழைப்பில் லாபம் பார்ப்பவர் அந்தச் செலவை ஏற்க வேண்டும். மக்கள் நலம் அரசின் கடமை என்பதால் அரசும் பங்கு சுமக்க வேண்டும் என்றார். 1929இல் அது சட்டமானது. பெருமந்தக் காலத்திலேயே சென்னை மாகாணமும் அப்படியொரு சட்டம் செய்தது. காசில்லாத காலம் என்ற சாக்கு அன்றே உடைந்துவிட்டது.

ஆனால் யாருக்குக் கிடைத்தது? ஆலைக்குள் நின்ற தாய்க்கு. நாற்று நட்டவள், மலக்கூடை சுமந்தவள், சூளையில் செங்கல் அறுத்தவள் எவரும் அதில் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். 1961ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் ஆலை, சுரங்கம், தோட்டம் என்று நிறுவனங்களின் வாசலைத் தாண்டவில்லை. 2017இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது; களையெடுப்பவளுக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை.

அவளுக்கென்று 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 6,000 ரூபாய் என்று எழுதியது. 2017இல் வந்த திட்டம் அதை 5,000 ஆக்கி, முதல் குழந்தையோடு நிறுத்தியது. 2020இல் கொரோனாவால் அங்கன்வாடிகள் மூடப்பட்டன. பொருளாதாரத்தை மீட்கிறோம் என்று சொல்லிப் பல மாநிலங்கள் வேலைநேரத்தை 12 மணியாக நீட்டின. தாய்க்கான தொகை 5,000இலேயே நின்றது. 2022இல்தான், இரண்டாவது குழந்தை பெண்ணாயிருந்தால் உண்டு என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். ஆண் பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் போகாதா?

தமிழ்நாடு தன் பணத்தையும் சேர்த்து, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு 18,000 ரூபாய் தருகிறது. பிகாரில் 2024இல் நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 245 ரூபாய். அங்கே 5,000 என்பது 20 நாள் கூலி.